ஒரு மூச்சு பிந்திய சிரிப்பு

எங்கள் டெலிபோன் காலனி பி பிளாக்கில், இரண்டாம் மாடியில், அம்சவேணியம்மா வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே இருக்கிற வெற்றுச் சுவர் முதன்முதலாகச் சிரித்தபோது மணி நாலு பத்து, ஆடி மாதம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம், ஆகவே காலனியில் பாதிப் பேர் குடத்தோடு கீழே நின்றிருந்தோம், சிரிப்பு ஜன்னல் வழியாக இறங்கி வந்து எங்கள் தலைக்கு மேலே பரவியது, நாங்களும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, அந்த அம்மா வீட்டுக்கும் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு குடத்தை நகர்த்தினோம்.

அந்த அம்மா வீட்டுக்கு விருந்தாளி வருவது கிடையாது. முப்பத்து மூன்று வருஷம் திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரிலுள்ள அத்தனை பேரையும் அத்தனை பேரோடும் பேச வைத்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு பேச ஒருத்தர் இல்லை. பிள்ளைகள் இல்லை. கணவர் நல்லசிவம் எங்கள் இலாகாவிலேயே லைன்மேன், கம்பத்தில் ஏறினால் தானாகப் பாட்டு வருகிற மனுஷன், அந்த ஆடிக்கு ஐந்து வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு வேலை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கொருமுறை கதைகளைப் படித்து மார்க் போடுவது. பத்திரிகைக் கதைகள் இல்லை, ஒரு டிவி சிரிப்புத் தொடரை வைத்து அதன் ரசிகர்கள் தாங்களாகவே எழுதுகிற கதைகள்.

தொடரின் பெயர் 'அடுத்த மாசம் காலி'. தொண்ணூற்றாறில் ஆரம்பித்து இருநூற்றுப் பன்னிரண்டு வாரம், புதன்கிழமை ஏழரைக்கு வந்தது. மாடியில் வீட்டுக்காரர் கோதண்டம், கீழே குடித்தனக்காரர் ஏகநாதன், குடை விற்கிறவர், ஒழுங்காக வாடகை கொடுக்கிறவர், ஒரு தொந்தரவும் இல்லாதவர், ஆனால் கோதண்டத்துக்கு அவரைக் காலி பண்ண வைத்தே ஆக வேண்டும், காரணம் அவருக்கே மறந்து போயிருந்தது. ஒவ்வொரு வாரமும் ஏகநாதன் பதினாலு படி ஏறி வந்து, பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கும் கோதண்டத்தின் முன்னால் நின்றுகொண்டு, "அடுத்த மாசம் காலி பண்ணிடுறேன் சார்" என்பார், அதோடு முடியும். இருநூற்றுப் பன்னிரண்டாவது வாரமும் அப்படித்தான் சொன்னார். அதற்கடுத்த புதன்கிழமை அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வாழைப்பூ வடை செய்து காட்டினார். முடிவு என்று ஒன்று இல்லாமலே தொடர் நின்றுவிட்டது.

நின்றதை ஒப்புக்கொள்ளாதவர்கள் சேர்ந்து 'காலி பண்ணாதோர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவர் ஈப்போவில் இருக்கிறார், பொருளாளர் டொராண்டோவில், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது கிடையாது, எல்லாம் போனில்தான். கோதண்டமும் ஏகநாதனும் அப்புறம் என்ன செய்தார்கள் என்று வருஷா வருஷம் கதை எழுதிப் போட்டிக்கு அனுப்புவார்கள். முதல் பரிசு என்று பணமோ கேடயமோ கிடையாது. சங்கத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு, அதுதான் பரிசு. முதலாவதாக வந்த கதை 'நடந்தது'. அதாவது நிஜமாகவே அந்த வீட்டில் அது நடந்துவிட்டது, அதற்கப்புறம் எழுதுகிறவன் எவனானாலும் அதை மீறி எழுதக் கூடாது. ஏகநாதனுக்குக் கண்ணாடி போட்டது அப்படித்தான். கிணற்றை மூடியது அப்படித்தான்.

என்ன நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற இந்தப் பெரிய உத்தியோகத்தை அம்சவேணியம்மாவிடம் கொடுத்ததற்குக் காரணம், இருநூற்றுப் பன்னிரண்டு வாரத்தையும் அவர் எக்ஸ்சேஞ்சின் பழைய பதிவேடுகளில் எழுதி வைத்திருந்ததுதான். கதையை வாய்விட்டுப் படிப்பார், வாயில் வராத சிரிப்பு சிரிப்பே இல்லை என்பது அவர் கட்சி. பிறகு சிவப்புப் பேனாவை எடுப்பார். படி பதினாலுக்குப் பதில் பதிமூன்று என்று எழுதினால் இரண்டு மார்க் போச்சு. கோதண்டம் டீ குடித்தால் மூன்று மார்க், அவர் காப்பிக்காரர். ஏகநாதனுக்கு நாற்காலி கொடுத்தால் ஐந்து மார்க், அந்த வீட்டிலிருக்கும் நாற்காலி ஒன்றே ஒன்று, அது கோதண்டத்துடையது, நான்கு வருஷமும் ஏகநாதன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அனுதாபத்துக்கு அரை மார்க் கூடக் கிடையாது. டொராண்டோ பொருளாளருக்கே ஒருமுறை இருபத்தொன்பதுதான் போட்டார், அந்த மனிதர் மூன்று மாதம் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தொடரை அவர் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கோதண்டமும் இல்லை, ஏகநாதனும் இல்லை. தொடரில் ஒவ்வொரு வேடிக்கைக்கும் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கும் அல்லவா, அந்தக் கூட்டம் நாங்கள்தான். தொண்ணூற்றாறில் எங்கள் மனமகிழ் மன்றம் முப்பத்தெட்டுப் பேரை பஸ்ஸில் மெட்ராஸுக்குச் சுற்றுலா கூட்டிப் போனது, மெரினாவும் மிருகக்காட்சிசாலையும் பார்த்த பிறகு ஒரு ஸ்டுடியோவில் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் சிரிக்கச் சொன்னார்கள், எலுமிச்சை சாதப் பொட்டலமும் ஆளுக்கொரு சீப்பும் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த சிரிப்பைத்தான் நான்கு வருஷமும் வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நல்லசிவம் இருந்தார். எந்த வேடிக்கையும் அவருக்கு ஒரு மூச்சு பிந்தித்தான் புரியும். முப்பத்தேழு பேர் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக, "ஹெஹ்... ஹே" என்று ஒரு சிரிப்பு வரும், வந்ததும் வெட்கப்பட்டு நின்றுவிடும். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது அந்த அம்மா சொன்னதற்கு மனிதர் கை கழுவும்போது சிரிப்பார், உடனே சுற்றுமுற்றும் பார்ப்பார்.

அம்சவேணியம்மா மட்டும் அந்த பஸ்ஸில் வரவில்லை. ட்யூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

நல்லசிவம் போன பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்க அவருக்கு வழி இல்லாமல் போயிற்று. டிவி நிறுவனத்தை மூடிவிட்டார்கள், நாடாக்களின் மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள், இணையத்தில் கிடந்த இரண்டு துண்டுகளிலும் யாரோ பாட்டைப் போட்டு ஒலியை அமுக்கிவிட்டார்கள். அவர் கதைகளைப் படித்துக்கொண்டே இருந்தார். வேறென்ன செய்வார்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆடி மாதம், ஏழாம் எண் கதையில், ஏகநாதன் காலி பண்ணுவதற்காகக் கட்டிய மூட்டையை மழைக்குப் பயந்து கோதண்டமே அவிழ்த்து உள்ளே வைக்கிற இடத்தை அவர் வாய்விட்டுப் படித்தார், ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரிலிருந்து முப்பத்தேழு பேர் கொல்லென்று சிரித்தார்கள், ஒரு மூச்சு கழித்து, தனியாக, "ஹெஹ்... ஹே". அந்த அம்மா கதையை நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தார், எழுபத்தொன்று மார்க் போட்டார், பேனாவை மூடி வைத்தார், அதற்கப்புறம்தான் அழுதார்.

கீழ்வீட்டு கதீஜா பீவி மாடியேறி வந்து, "என்னக்கா, ஆளுங்க நெறைய வந்திருக்காங்க போலருக்கு, காப்பிக்குப் பால் தரட்டுமா?" என்று கேட்டார். அம்சவேணியம்மா அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தார். சுவர் சிரித்தது. கதீஜா பீவி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இதுல எங்க நூர்ஜஹான் இருக்காக்கா. விக்கல் எடுக்கிற மாதிரி சிரிக்குது பாருங்க, அது எங்க அக்காதான். பாலெல்லாம் அப்புறம், நீங்க இன்னொரு தடவை படிங்க."

அப்படித்தான் காலனிக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் போய்விட்டிருந்தோம், அதாவது அவர்கள் போய்விட்டிருந்தார்கள், மிச்சமிருந்தவர்களும் அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரிப்பதை விட்டுப் பல வருஷமாயிற்று. சுவர் ஏன் சிரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சிரிக்கும் என்றுதான் கேட்டோம். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து சுவரில் கம்பி ஏதும் போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இருந்து ஒரு கதையும் கேட்டுவிட்டுப் போனார். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து ஆட்சேபணை வந்ததால் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டி, சிரிப்பு மாலை நாலு முதல் ஐந்தரை வரை, ஞாயிறு விடுமுறை என்று தீர்மானம் போட்டோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவோம், முடிந்ததும் தூக்கிக்கொண்டு இறங்குவோம். வார்டு கவுன்சிலர் தன் மேடைப் பேச்சைக் கொண்டுவந்து சுவருக்குப் படித்துக் காட்டினார், சுவர் வாயே திறக்கவில்லை, எங்களுக்குத்தான் அடக்க முடியவில்லை. சி பிளாக் ஹோமியோபதி டாக்டர் ஏற்கெனவே கேட்ட துணுக்குகளைச் சொல்லிப் பார்த்தார், அதற்கும் இல்லை. கோதண்டமும் ஏகநாதனும் இருந்தால்தான் சுவருக்குச் சிரிப்பு வந்தது, அதுவும் கதை சரியாக இருந்தால்.

நானும் அதில் இருக்கிறேன். பெருமாள்சாமி, பி பிளாக், கீழ்த்தளம். முதல் நாள் கேட்டபோது முன் வரிசையிலிருந்து ஒருத்தன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறானே, யார் இந்தப் பயல் என்று நினைத்தேன். அது நான்தான், முப்பத்தைந்து வயதில். இப்போது எனக்கு அப்படி வருவதில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

கூட்டம் வந்தது என்பதற்காக அம்சவேணியம்மாவின் தனிமை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐந்தரை ஆனதும் அவரவர் தங்கள் ஆளைக் கேட்ட திருப்தியில் அவரவர் நாற்காலியோடு இறங்கிப் போய்விடுவோம். இருந்து அந்த அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இரண்டாம் வருஷம் ஒரு கதை வந்தது. அந்த வீட்டில் சமையலுக்கு இருக்கும் பர்வதம், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போபாலுக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறாள், கோதண்டமும் ஏகநாதனும் முதன்முறையாகச் சேர்ந்து உப்புமா கிண்டுகிறார்கள். அம்சவேணியம்மா தொண்ணூற்று மூன்று போட்டார். முதல் பரிசு. ஆகவே நடந்தது. அன்றிலிருந்து பர்வதம் அடுப்படியில் நிற்கிற பழைய கதைகளை எத்தனை தரம் படித்தாலும் சுவரிலிருந்து சத்தம் இல்லை. சங்கத்து விதி சுவருக்கும் தெரிந்திருந்தது.

இதில் அடிபட்டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அமலதாஸ். இறந்துபோன அவர் மனைவி ரெஜினா சுவரில் மூக்கால் சிரிக்கிறவர், அதுவும் பர்வதம் வந்தால் மட்டும்தான் சிரிப்பார், மற்ற இடங்களில் அவர் குரல் கேட்காது. பர்வதம் போபாலுக்குப் போனதும் ரெஜினாவும் போய்விட்டார். அமலதாஸ் ஒரு வாரம் நாற்காலியோடு வந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒருநாள் எழுந்து, "மேடம், என் ரெஜினா ரெண்டாவது தடவையும் போயிட்டா" என்றார்.

"எனக்குத் தெரியாம இல்ல சார். கதை நல்லாருந்துச்சு. நான் என்ன செய்ய?" என்றார் அம்சவேணியம்மா.

"சரிதான். நியாயம்தான்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்கப்புறம் நாலு மணிக்கு மாடியேறியதே இல்லை. வேளை தவறாமல் மோட்டார் மட்டும் போட்டுவிடுவார்.

போன வருஷம் புரட்டாசியில் முப்பத்தொன்றாம் எண் கதை வந்தது. எழுதியவர் பெயர் முடிவு சொல்லும் வரை ஈப்போவில் பூட்டியிருக்கும், நடுவருக்கு எண் மட்டும்தான். அம்சவேணியம்மா வழக்கத்துக்கு மாறாக, தலைப்பைப் பார்த்ததுமே, வாய்விட்டுப் படிக்காமல் கண்ணாலேயே படித்தார். தலைப்பு 'இந்த மாசம்'.

ஏகநாதன் காலி பண்ணுகிறார். அவ்வளவுதான் கதை. காலையில் லாரி வருகிறது. கோதண்டம் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று, ஒரு துரும்பைக் கூட விடாதீர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றுங்கள், எதையாவது மறந்துவிட்டேன் என்று இந்த ஆள் திரும்பி வரக் கூடாது என்று லாரிக்காரர்களை விரட்டுகிறார். அவர்களும் ஏற்றுகிறார்கள். இரும்புக் கட்டில், இரண்டு ட்ரங்குப் பெட்டி, குடைக் கட்டு, சாமி படம், பிரம்பு நாற்காலி, அரிசி டிரம், துணி காயப் போடுகிற கொடிக்கயிறு. ஏகநாதன் சாவியைக் கொடுத்துவிட்டு, இந்த முறை ஒன்றுமே சொல்லாமல், லாரியில் ஏறிக்கொள்கிறார். லாரி தெருமுனை திரும்புகிறது. கோதண்டம் பதினாலு படி ஏறி மாடிக்குப் போகிறார். சாவியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மத்தியானமும் நிற்கிறார். விளக்கு வைக்கிற நேரத்திலும் கோதண்டம் நின்றுகொண்டே இருந்தார் என்று கதை முடிகிறது.

அம்சவேணியம்மா பதிவேடுகளை எடுத்து விரித்துக்கொண்டு மூன்று நாள் தப்புத் தேடினார். படி பதினாலுதான். காப்பிதான். குடைக் கட்டின் நிறம், வாசல் கதவின் கீல், ஏகநாதனின் கண்ணாடி, எல்லாம் சரி. சாமான் ஏற்றுகிற அந்த ஒரு பத்தியை மட்டும் அவரால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. நல்லசிவம் போன பதினேழாம் நாள் அவருடைய கட்டிலையும் பெட்டியையும் சைக்கிளையும் முதியோர் இல்லத்து வேனில் இப்படித்தான் ஏற்றினார்கள், அந்த அம்மா மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பத்தி வந்தாலே எழுத்து கலங்கிப் போய்விடும். மற்றபடி கதை சுத்தமாக இருந்தது. அவர் நடுவராக இருந்த பதினோரு வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. இதற்கு முதல் பரிசு கொடுத்தால் ஏகநாதன் காலி பண்ணியது நடந்ததாகிவிடும், அந்த வீட்டில் அதற்கப்புறம் ஒருத்தரும் இல்லை, ஒரு கதையும் இல்லை, சுவர் வாயை மூடிக்கொள்ளும். கொடுக்காவிட்டால் நல்லசிவம் தினமும் நாலு மணிக்கு வருவார்.

விஷயம் கதீஜா பீவி வழியாகக் கசிந்து காலனி முழுக்கப் பரவியது. நாங்கள் என்ன செய்திருப்போம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொருத்தராக மாடியேறி, நேரடியாக ஒன்றும் கேட்காமல், பூசணிக்காய் கொண்டுவந்தேன், மாவு அரைத்தேன் என்று சாக்குச் சொல்லி உட்கார்ந்து, போகிறபோது, "எல்லாக் கதையிலயும் எதாச்சும் ஒரு குறை இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு வந்தோம். பூசணிக்காய் கொண்டுபோனது நான்தான்.

கடைசியாக, முடிவு சொல்ல வேண்டிய நாளன்று காலையில், அமலதாஸ் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மேடம், மார்க்கைக் கொறைச்சுப் போட்டுருங்க."

"நீங்களா சார் சொல்றீங்க?"

"நான்தான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க. அன்னிக்கு எனக்கு ஒரு நியாயம், இன்னிக்கு உங்களுக்கு ஒரு நியாயமான்னு நான் கேக்க மாட்டேன். சத்தியமாக் கேக்க மாட்டேன். தனியா இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும் மேடம். சாயங்காலம் ஆனா அந்த வீட்டுக்குள்ள போகவே பிடிக்காது. மோட்டார் ரூம்லயே உக்காந்திருப்பேன்."

அம்சவேணியம்மா, "நாலு மணிக்கு வாங்க சார். நாற்காலி கொண்டு வராதீங்க, இங்க ஒண்ணு இருக்கு" என்றாராம்.

அன்று நாலு மணிக்கு இடம் போதாமல் படிக்கட்டு வரை உட்கார்ந்திருந்தோம். அமலதாஸை நல்லசிவத்தின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்சவேணியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முப்பத்தொண்ணு. தலைப்பு, இந்த மாசம்" என்று ஆரம்பித்தார். எக்ஸ்சேஞ்சில் எண்களைத் திருப்பிச் சொல்வாரே, அதே குரல். சுவர் சிரிக்கவில்லை. லாரி வந்தது, சுவர் சிரிக்கவில்லை. கோதண்டம் விரட்டுகிற இடத்தில் ஒன்றிரண்டு பேர் லேசாகக் கனைத்த மாதிரி இருந்தது, அதுவும் அடங்கிற்று. சாமான் பத்தியை அவர் வேகமாக, மூச்சு விடாமல், ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டு படித்தார். சாவி கைமாறியது. கோதண்டம் மாடியில் நின்றார். மத்தியானமும் நின்றார். கதீஜா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுச் சாவியை நானும் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "விளக்கு வைக்கிற நேரத்திலும் கோதண்டம் நின்றுகொண்டே இருந்தார்" என்று முடித்து அந்த அம்மா தாளைக் கவிழ்த்தார்.

ஒரு சத்தம் இல்லை. முப்பத்தேழு பேரும் அழுகிற எங்களைப் போலவே சுவருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மூச்சு கழித்து, தனியாக, "ஹெஹ்... ஹே".

அப்படி அதை நாங்கள் கேட்டதே இல்லை. முன்னால் சிரிப்பதற்கு ஆள் இல்லாமல், அது மட்டும், வெறும் வீட்டில் வருகிற மாதிரி வந்தது. வெட்கப்பட்டு உடனே நிற்கவும் இல்லை. நின்று, மறுபடியும் வந்து, மூச்சிரைத்து, இருமி, அப்புறம் நின்றது. அம்சவேணியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் சிரிக்கிறாரே இந்த மனிதர் என்று நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா சிவப்புப் பேனாவைத் திறந்தார். தொண்ணூற்றாறு போட்டார். அமலதாஸ் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடிந்தது. மறுநாள் நாலு மணிக்குப் பழைய கதை ஒன்றைப் படித்துப் பார்த்தார். சுவர் வெறும் சுவராக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நாற்காலிகள் மாடியேறவில்லை. ஈப்போவிலிருந்து எழுதியவரின் பெயர் வந்தது, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பிலோமினா, தொடரை ஒரு வாரம் கூடப் பார்த்தது கிடையாதாம், அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்ததாம். அவர் அம்சவேணியம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'ரொம்ப நன்றிம்மா. முடிவு வந்தப்போ சிரிச்சீங்களா?' அம்சவேணியம்மாவுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. 'இல்லம்மா. எல்லாரும் அழுதோம்' என்று பதில் போட்டார். அந்தப் பெண் 'ஓ' என்று ஒரு எழுத்து மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது.

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நேரில் போய்க் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் அம்சவேணியம்மாவும் அமலதாஸும் ஒரே ஆட்டோவில் போனோம். வெயிலில் நல்ல வரிசை. அந்த அம்மா முன்னைவிட மெலிந்திருந்தார். ஆட்டோவில் நான் வலியப் பேச்சுக் கொடுத்தும் இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. என்ன சமைத்தீர்கள் என்றால் ரசம் என்றார், அதோடு சரி. அலுவலக வராந்தாவில் வழக்கமாகக் கிடக்கும் நாற்காலிகள் ஒன்றையும் காணோம், பக்கத்து அறையில் ஏதோ கூட்டமாம், எல்லாவற்றையும் அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. கோப்புகளோடு அந்தப் பக்கமாக வந்த ஊழியப் பெண் இவரைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏம்மா, வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

"உக்கார நாற்காலி இல்லையேம்மா" என்றார் அம்சவேணியம்மா.

சொன்னவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். மயக்கமோ என்று நான் கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டு, காற்றில் விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். "கட்டில்... ரெண்டு பெட்டி... குடை... சாமி படம்..." என்றவர் முகம் சட்டென்று வெளுத்தது. "அய்யய்யோ, பிரம்பு நாற்காலி. அஞ்சு மார்க் கொறைச்சிருக்கணும். ஏகநாதனுக்கு ஏது நாற்காலி? எப்படி விட்டேன்? பெருமாள்சாமி அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன், அந்தக் கதையில தப்பு இருக்கு."

"என்னம்மா தப்பு?"

"அந்த வீட்ல ஒரே நாற்காலிதான், அது கோதண்டத்தோடது, அது எப்படி லாரியில..."

அங்கே நிறுத்தினார். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆகியிருக்கும். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. இத்தனை வருஷம் ஒரே காலனியில் இருந்தும் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை, பஸ்ஸிலும் வரவில்லை, சுவரிலும் இல்லை. சிரிப்பு அவரை மடக்கிப் போட்டது, தூணைப் பிடித்துக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வரிசையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்ணுல பட்டதெல்லாம் ஏத்துன்னு அவரே வெரட்டினாருல்ல. அவனுங்க மாடிக்கும் போய் அவரு நாற்காலியயும் தூக்கி ஏத்திட்டானுங்கண்ணே. அந்த மனுசன் துக்கத்துல நிக்கல. உக்கார எடமில்லாம நிக்கிறாரு. நாம பாட்டுக்கு உக்காந்து அழுதோம்!"

அமலதாஸுக்குப் புரிந்தது, மூக்கால் ஒரு சத்தம் போட்டார், ரெஜினாவிடமிருந்து கற்றுக்கொண்டது போல. எனக்கும் புரிந்தது. தொடையில் தட்டினேன், வலித்தது, ஆனாலும் தட்டினேன்.

"அப்படின்னா அது முடிவு இல்லல்ல மேடம்" என்றார் அமலதாஸ். "நாற்காலியைக் கேட்டு அவர் ஏகநாதனைத் தேடிப் போய்த்தானே ஆகணும்."

அம்சவேணியம்மாவுக்குச் சிரிப்பு நின்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் பழையபடி முன்னால் திரும்பியிருந்தார்கள்.

"முப்பத்தோரு வருஷம் அண்ணே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட அவரு எனக்கு முந்திச் சிரிச்சது கிடையாது" என்றார். "அன்னிக்கு எனக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சிருக்கு. நான்தான் கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்துட்டேன்."